புள்ளித் தாளும் அரைப்பேரும்

விழா மலர் என்றால் விளையாட்டுப் பக்கம் ஒன்று இருந்தே தீரும். வென்ற ஆட்டம் இத்தனை, தோற்ற ஆட்டம் இத்தனை, பெற்ற புள்ளி இத்தனை என்று அப்பக்கத்தில் எண்கள் நிரைநிரையாக நிற்கும். பழைய மாணவர் தத்தம் ஆண்டுக்குரிய வரியைத் தேடிப் பார்ப்பர். தம் பெயர் இருந்தால் மகிழ்வர். இல்லையேல் அடுத்த பக்கத்தைப் புரட்டுவர். இலக்கணமும் செய்யுளும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வெண்களோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். பாடசாலைகளில் ஒரு வழக்கமுண்டு. கையெழுத்துத் தெளிவாக உள்ளவர் யார் என்று பார்த்து, அவரை மைதானத்து மேசையருகே அமர்த்திப் புள்ளித் தாளை அவர் கையிற் கொடுத்துவிடுவர். அவ்வகையில் கூடைப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம் ஆகிய இரண்டுக்கும் யாம் பல ஆண்டுகள் எழுதியிருக்கின்றோம். எழுதி எழுதி எம்முள் உறுதிப்பட்ட கருத்து ஒன்றையே இங்குக் கூற முற்படுகின்றோம். நம் பாடசாலைகளில் வழங்கும் புள்ளித் தாள் பந்தைக் கூடைக்குள் இட்டவரை மட்டும் அறியும். அப்பந்து அவர் கைக்கு வந்த வழியை அறியாது. தாளின் குறை தாளோடு நின்றுவிடுமாயின் பாதகமில்லை. பரிசும் சான்றிதழும் அணித் தெரிவும் அத்தாளைக் கொண்டே நடப்பதால், அக்குறை பிள்ளைகளின் தலையில் விடிகின்றது.

எண்களைப் பழிப்பது எமது நோக்கமன்று. தாள் ஒன்று என்ன செய்ய வல்லது என்பதற்கு அமெரிக்க நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து ஒரு சான்று தருவோம். 1962 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்து ஹேர்ஷி என்னும் சிற்றூரில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணியும் நியூயோர்க் நிக்ஸ் அணியும் மோதின. அன்று வில்ட் சேம்பர்லெயின் என்னும் நெடிய வீரர் தனியொருவராக 100 புள்ளி பெற்றார். அந்த ஆட்டத்தைக் காட்டும் சலனப்படம் எதுவும் இன்று இல்லை. அரங்கில் இருந்தோர் சில ஆயிரவர் மட்டுமே. எனினும் அறுபது ஆண்டு கடந்த பின்னரும், அவர் களத்திலிருந்து 63 முறை எறிந்து 36 முறை கூடையில் இட்டார் என்றும், தண்ட எறிதல் 32 இல் 28 ஐப் பலிக்கச் செய்தார் என்றும், ஆட்டம் 169க்கு 147 என முடிந்தது என்றும் நாம் மாத்தளையில் இருந்துகொண்டு சொல்ல முடிகின்றது. முப்பத்தாறை இரட்டித்து இருபத்தெட்டைக் கூட்டினால் நூறு வரும், கணக்குப் பிசகவில்லை. மேசையருகே அமர்ந்து எழுதியவரின் பென்சிலே அந்த இரவைக் காப்பாற்றித் தந்தது.

அதே தாளில் இன்னொரு வரியும் உண்டு. கை ரொஜர்ஸ் என்பவர் பெயருக்கு நேரே 20 என்று குறிக்கப்பட்டுள்ளது. அது அவர் பெற்ற புள்ளியன்று. அவர் கொடுத்த பந்தைப் பெற்றவர் உடனே கூடையில் இட்ட தடவைகளின் தொகை. கூடைப்பந்தாட்டத்தார் இதனைத் தனி நிரலாக்கி, 'உதவி' என்று பெயரிட்டு, நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். நூறு புள்ளியை உலகம் அறியும். இருபது உதவியை அறிந்தவர் சிலரே. ஆனால் அறிய விரும்புவார்க்கு அது தாளில் இருக்கின்றது. இந்த வேறுபாட்டை அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம்.

எழுதப்படாதது என்ன ஆயிற்று என்பதற்கும் அதே நாட்டிலேயே சான்றுண்டு. சேம்பர்லெயினின் நேர் எதிரி பொஸ்டன் அணியின் பில் ரசல். எதிரி எறியும் பந்தை வானிலேயே தடுத்து, அதனை வெளியே தட்டிவிடாமல் தம் தோழர் கைக்குச் செல்லுமாறு தட்டும் நுட்பத்தில் அவர்க்கு நிகரானவர் இலர் என்பர். அவர் ஆடிய 13 பருவங்களில் அவர் அணி 11 முறை வாகை சூடியது. சேம்பர்லெயின் நூறு புள்ளி பெற்ற அதே பருவத்திலும், ஆட்டத்துக்குச் சராசரி 50 புள்ளிக்கு மேல் குவித்த அவரது அணியை வென்று முடி கொண்டது ரசலின் அணியே. ஆயின், ரசல் தம் வாழ்நாளில் எத்தனை எறிதல்களைத் தடுத்தார்? அதற்கு விடை எந்த ஏட்டிலும் இல்லை. தடுத்தலையும் பந்து பறித்தலையும் அந்தச் சங்கத்தார் 1973–74 பருவத்திலிருந்தே முறையாக எழுதத் தொடங்கினர். ரசல் 1969 இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். நிரல் ஒன்று இல்லாமையால், ஒரு பெருவீரரின் தலைசிறந்த தொழில் எண்ணுலகில் நிகழாததாகவே ஆகிவிட்டது. அவரது புகழ் நிலைத்தமைக்குக் காரணம் பதினொரு வாகைகள். வாகை சூடாத அணியில் அவர் ஆடியிருப்பாராயின் யார் அவரை நினைப்பார்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் வயிற்றிற் பிறந்தது. 1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அமெரிக்காவில் வகுத்த ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்று, மகளிர் கல்லூரிகளில் உருமாறி, பேரரசின் வழியே நம் பாடசாலைகளை அடைந்தது. அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் அதற்கு 'மகளிர் கூடைப்பந்தாட்டம்' என்றே பெயர். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதியாகக் கிடந்த அதனை ஒழுங்குபடுத்த, 1960 இல் பல நாட்டுப் பிரதிநிதிகளும் கூடிய இடம் வேறெதுவுமன்று, நம் இலங்கையே. இச்செய்தியை நம் மாணவியருள் எத்தனை பேர் அறிவர் என்று எமக்கு ஐயமாக உள்ளது.

அவ்வாட்டத்தில் நம்மவரின் பெரும் பெயர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். ஏறக்குறைய 6 அடி 10 அங்குல உயரம். கூடையோ நிலத்திலிருந்து 10 அடி. 2019 இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அவர் 348 கோல்களை இட்டார். பதினாறு நாடுகளின் வீராங்கனையர் அனைவரிலும் அதுவே முதல் எண். அதே போட்டியில் இலங்கை அணி பெற்ற இடம் பதினைந்தாவது. தனி ஆளின் எண்ணில் முதலிடம், அணியின் எண்ணில் கடைசிக்கு முந்திய இடம்! இரண்டும் ஒரே போட்டியின் புள்ளிகள், இரண்டும் மெய்.

இதைக் கேட்டவுடன், தனியொருத்தி இத்துணை ஆடியும் மற்றவர் கைவிட்டனரே என்று கூறுவார் உளர். அங்ஙனம் கூறுவது ஆட்டத்தின் விதியை அறியாமையால் வருவது. வலைப்பந்தாட்டத்தில் எழுவர் ஆடுவர். அவருள் கோல் ஷூட்டர், கோல் அட்டாக் என்னும் இருவர்க்கே கூடையில் எறிய உரிமையுண்டு. மற்றை ஐவரும் வாழ்நாள் முழுவதும் ஆடினாலும் ஒரு கோல்கூட இட விதி இடங்கொடாது. பந்தை ஏந்தி ஓடலாகாது; மூன்று வினாடிக்கு மேல் வைத்திருத்தலும் ஆகாது. ஆகவே தர்ஜினியின் 348 இல் பெரும்பாலானவை பிறர் கைகளைக் கடந்தே அவரை அடைந்திருத்தல் வேண்டும். நெரிசலின் மேலாகச் சரியான உயரத்துக்குச் சரியான கணத்தில் பந்தைத் தூக்கி எறிந்தவள் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கு அப்பட்டியலில் இடமில்லை. எதிரியின் பந்தை இடையில் மறித்துத் தன் பக்கம் திருப்பியவளுக்கும் இல்லை. 2018 இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூரையே 69க்கு 50 என நம்மவர் வென்றனர். அறுபத்தொன்பது எவ்வாறு ஏறிற்று என்று பலரும் பேசினர். எதிரியின் எண் ஐம்பதோடு நின்றதே, அது எவர் கைத்திறன் என்று பேசியவர் சிலரே. கூடையைக் காத்தவளின் புள்ளி எதிரியின் நிரலிலேயே எழுதப்படுகின்றது. அதுவும் இல்லாத புள்ளியாக.

இவ்வகையில் துடுப்பாட்டத்தார் நம்மினும் நாணயமானவர். கண்டியின் மைந்தர் முத்தையா முரளிதரன் டெஸ்ட் ஆட்டங்களில் வீழ்த்திய 800 விக்கெட்டுகளுள் 77 ஐ மகேல ஜயவர்தனவின் கைகள் பிடித்தன. ஏறக்குறைய பத்திலொரு பங்கு. 2010 இல் காலியில் வீழ்ந்த எண்ணூறாவதும் அவர் பிடித்ததே. பிடித்தவர் பெயரும் வீசியவர் பெயரும் ஒரே வரியில், பிடித்தவர் முன்னாக எழுதப்படுவது அவ்வாட்டத்தின் மரபு. அத்துணை நாணயமான தாளுங்கூட எல்லாவற்றையும் சொல்வதில்லை என்பது வேறு. 2002 ஜனவரியில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் சிம்பாப்வே அணியின் ஒன்பது விக்கெட்டுகளை முரளிதரன் ஒரே நாளில் வீழ்த்தினார். மறுநாட் காலை பத்தாவதுக்கான பிடி ஒன்று நழுவியது. சிறிது நேரத்தில் கடைசி விக்கெட்டை வேறொருவர் பெற்றார். தாளில் 51 ஓட்டங்களுக்கு 9 என்று உள்ளது. நழுவிய பிடிக்கு நிரல் இல்லை. பத்துக்குப் பத்து எடுத்தவர் வரிசையில் முரளிதரன் பெயர் இல்லாமைக்குக் காரணம், எழுதப்படாத அந்த ஒரு கணம்.

மாத்தளையாராகிய நமக்கு இவற்றையெல்லாம் கடல் கடந்து கற்க வேண்டியதில்லை. நம் மாணவருட் பலர் உக்குவெல, றத்தோட்டை, எல்கடுவைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வருபவர். அவர்தம் தாய்மார் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும்போது தராசு முள் என்ன சொல்கின்றதோ அதுவே ஏட்டில் ஏறும். குறித்த அளவு கொழுந்து இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செடி மழையில் நனைந்து கிடந்ததா, மலை செங்குத்தா, பக்கத்து நிரையில் வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவிடப் போனாளா என்பது தராசுக்குத் தெரியாது. 'பேர்' என்பது நாட்சம்பளத்துக்கு நம் மலையகத்தார் வழங்கும் சொல். ஒருவரின் உழைப்பை ஏட்டில் எழுதுவதே அவர் பெயரை எழுதுவது என்னும் பொருள் அதில் அடங்கியிருத்தலைத் தமிழாசிரியர் என்ற முறையில் யாம் பலகாலும் வியந்ததுண்டு. எழுதப்படும் உழைப்பே பேர், எழுதப்படாதது பேரில்லாதது. 'எண்' என்னும் நம் சொல்லே கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே குறிக்கும். எண்ணப்படாதவர் கருதப்படாதவராய்ப் போவதை மொழியே முன்னறிந்திருக்கின்றது போலும்.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்துப் பாடசாலைகளுக்கிடையே நடந்த ஆட்டமொன்றில் யாம் மேசையில் இருந்தோம். விங் டிபென்ஸ் நிலையில் நின்று ஆடிய தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எதிரணியின் பந்தை மறித்துக்கொண்டே இருந்தாள். அச்சிட்ட தாளில் அதற்கு நிரல் இல்லை. ஆதலால் தாளின் பின்புறத்தில் பென்சிலாற் கோடிட்டு எண்ணினோம். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள் மூன்று கட்டைத் தாண்டின. ஆட்டம் முடிந்ததும் தெரிவாளர் ஒருவர் வந்தார். தாளின் முன்புறத்தைப் பார்த்தார். கோல் இட்ட இருவர் பெயரையும் குறித்துக்கொண்டு போனார். பின்புறத்தைத் திருப்பிக் காட்டினோம். "இதெல்லாம் எங்கள் படிவத்தில் இல்லையே, சேர்" என்றார். அவர் கூறியது பொய்யன்று. அவர் கையிலிருந்த படிவத்திலும் கோல்களுக்கே இடம் விடப்பட்டிருந்தது.

அப்பிள்ளை மாவட்ட அணிக்குப் போகவில்லை. அணிக்குப் போகாதவர்க்குச் சான்றிதழ் இல்லை. பல்கலைக்கழக அநுமதியில் விளையாட்டிற் சிறந்தவர்க்கெனச் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் சான்றிதழ்க் கோவையைப் புரட்டுகின்றனர். நகரத்துப் பிள்ளைக்குக் கோவையில் இன்னும் பல தாள் இருக்கும். கடைசிப் பேருந்து போய்விடும் என்று பயிற்சியை முக்கால்வாசியில் விட்டு ஓடும் பிள்ளைக்கு இருக்கக்கூடிய ஒரே தாள் இதுதான். ஆதலாலேயே இது வெறும் விளையாட்டுப் பேச்சன்று என்கின்றோம்.

ஆசிரிய கலாசாலையில் அளவீடு, மதிப்பீடு என இரண்டைப் பிரித்துக் கற்பிப்பர். அளவீடு என்பது எண்; மதிப்பீடு என்பது அவ்வெண்ணைக் கொண்டு தீர்ப்பது. அளந்ததை மட்டும் மதிப்பதும், எளிதில் அளக்கக்கூடியதை மட்டும் அளப்பதும் ஆசிரியரை எளிதில் பிடிக்கும் நோய்கள். வகுப்பறையில் இதனை நாம் ஒருவாறு அறிவோம். மைதானத்தில் ஏனோ மறந்துவிடுகின்றோம்.

இதற்கு எதிராகக் கூறப்படுவனவும் உண்டு. அனைத்தையும் எண்ணத் தொடங்கினால் ஆட்டம் கடைக்கணக்காகிவிடும் என்பர் சிலர். அவர்க்கு எமது விடை, கணக்கு இப்போதும் நடக்கின்றது, அரைக்கணக்காக நடக்கின்றது என்பதே. வேறு சிலர், ஒருவரது உள்ளார்ந்த பயனை எந்த எண்ணாலும் பிடிக்க இயலாது என்பர். இது வலுவுள்ள வாதம். ஆனால் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தார் அதற்கும் ஒரு வழி தேடியிருக்கின்றனர். ஹியூஸ்டன் அணியில் ஷேன் பற்றியர் என்றொருவர் ஆடினார். புள்ளி குறைவு, பந்து மீட்பு குறைவு, தாளைப் பார்த்தால் நடுத்தர வீரர். 2009 இல் மைக்கேல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் அவரைப் பற்றி நியூயோர்க் டைம்ஸ் இதழின் சஞ்சிகையில் நெடுங்கட்டுரை ஒன்று எழுதினார். பற்றியர் களத்தில் நிற்கும் நேரத்தில் அவர் அணி பெற்ற புள்ளியிலிருந்து எதிரணி பெற்ற புள்ளியைக் கழித்துப் பார்த்தனர். அவர் வந்தால் அணி ஏறுகின்றது. அவர் எதிர்க்கும் வீரர் தம் வழக்கத்தினும் தாழ ஆடுகின்றார் என்பது தெரிந்தது. தாளில் எந்த நிரலும் காட்டாத பயனை ஒரு கழித்தற் கணக்கு காட்டிற்று.

இக்கழித்தற் கணக்கை அப்படியே நம் பாடசாலைகளுக்குக் கொண்டுவரல் வேண்டா என்பதே எமது கருத்து. அமெரிக்க அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டம் ஆடும். வீரர் இடைவிடாது மாறிக்கொண்டிருப்பர். நம் அணிகள் ஒரு தவணையில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே ஆடுகின்றன. தொடங்கிய எழுவரே பெரும்பாலும் முடித்தும் வைக்கின்றனர். அவ்வளவு சிறிய தொகையில் கழித்துப் பார்த்தால் வெற்றிபெற்ற அணியில் யாவரும் நல்லவராகவும், தோற்ற அணியில் யாவரும் தீயவராகவும் தோன்றுவரேயன்றி வேறு பயன் விளையாது. நமக்கு வேண்டியது அதனினும் எளியது.

தாளில் எழுவர் பெயரும் முதலில் எழுதப்படல் வேண்டும்; இப்போது பல இடங்களில் எறிபவர் இருவர் பெயரே முழுமையாக எழுதப்படுகின்றது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று கட்டங்கள் போதும். எதிரியின் பந்தை மறித்துத் தம் அணிக்குப் பெற்றமை ஒன்று. எறியும் அரைவட்டத்துக்குள் நின்றவளுக்குப் பந்தைச் சேர்த்தமை ஒன்று. பந்தை வீணே இழந்தமை ஒன்று. மூன்றாவதை விட்டுவிடலாம் என்று இரக்கமுள்ளோர் கூறுவர், அது கூடாது. புகழை மட்டும் எழுதும் ஏட்டைத் தெரிவாளர் நம்பார். மறித்தல் என்பதற்கு இலக்கணமும் முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். கைபட்டாற் போதாது, பந்து தம் அணியின் வசமாதல் வேண்டும். இல்லாவிடின் ஒவ்வோராட்டத்தின் முடிவிலும் மேசையைச் சுற்றி வழக்காட நேரும். பெற்றோர் சிலரின் குரலை யாம் அறிவோம்.

ஒருவரால் இவ்வளவையும் பார்த்தெழுத முடியாது என்பது மெய். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் எழுதுவதே எங்கும் நடக்கும் முறை. அவ்விருவரும் ஆசிரியராக இருக்க வேண்டுமென்பதில்லை. கால் ஊனமுற்றோ, இளைப்பு நோயாலோ, வீட்டார் இசையாமலோ ஆட இயலாத பிள்ளைகள் ஒவ்வொரு பாடசாலையிலும் உளர். ஆட்டத்தை அவர்கள் பார்ப்பது போல் கூர்ந்து பார்ப்பவர் இலர். அவர்களை மேசைக்கு அழைத்தல் வேண்டும். அவர்கள் பெயரும் தாளின் அடியில், எழுதியவர் எனக் கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும்.

இதன்கண் பழைய மாணவர் சங்கத்தார் செய்யத்தக்கதும் உண்டு. கிண்ணங்களும் கேடயங்களும் வழங்க முன்வருவோர்க்குக் குறைவில்லை. கட்டமிட்டு அச்சிட்டு, தடித்த அட்டையிட்டுக் கட்டிய புள்ளி ஏடுகள் சிலவற்றைக் கல்லூரிக்கு அளிக்க ஒரு கேடயத்தின் விலைகூட ஆகாது. ஆண்டு முடிவில் அவை விளையாட்டறையின் மூலையிற் கிடவாமல் நூலகத்தில் எண்ணிட்டு வைக்கப்படல் வேண்டும். சான்றிதழ் எழுதும் நாளில் அதிபர் அவ்வேட்டை வரவழைத்து, அதில் உள்ளபடி, இன்ன நிலையில் இத்தனை ஆட்டம் ஆடி இத்தனை முறை பந்தை மறித்தாள் என்று எழுதிக் கையொப்பமிடலாம். மாவட்டப் படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் சான்றிதழின் வாசகம் நம் கையில் உள்ளது. அடுத்த தவணையில் முதலாட்டம் தொடங்கும் நாளுக்கு முன் ஏடு வந்து சேருமாயின், கோடிடப் பென்சில் எம்மிடம் உண்டு.